பரிசலில் கிடந்த மெத்தை

பரமத்தி வேலூரில் நாமக்கல் பஸ்ஸுக்கு நேரமிருக்கிறது. காவிரிக் கரையில் நிற்கிறேன், இருட்டிக்கொண்டு வருகிறது. இரவு மீன்பிடிக்கக் கிளம்பும் பழனிச்சாமி, பரிசலின் ஈரம் படாமலிருக்க லைஃப் ஜாக்கெட்டை மடித்துப் போட்டு அதன்மேல் உட்காருகிறார்.

"அதைப் போட்டுக்கக் கூடாதா?" என்கிறேன்.

"வலை வீசறப்ப கையப் புடிக்குதுங்கக்கா. உக்கோரத்தான் மெத்தையாட்ட இருக்குது."

"நாஞ்சொன்னா இந்தக் காதுல வாங்கி ஆத்துல உட்ருவாருங்க," என்கிறார் கரையில் நிற்கும் அவர் மனைவி.

போன மாதம் என் மகன் நண்பர்களோடு இரவில் மீன்பிடிக்கப் போன பரிசல் கவிழ்ந்தது. ஜாக்கெட் போட்டிருந்ததால் மிதந்தான். அவன் உயிரோடு இருக்கிறான் என்பது விடிந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. இதை அவர்களிடம் சொல்கிறேன்.

பழனிச்சாமி எழுந்து ஜாக்கெட்டை மாட்டிக்கொள்கிறார். கொக்கி உடைந்திருக்கிறது. மனைவி வலைக்கயிற்றால் இறுக்கிக் கட்டுகிறார்.

"மூச்சு முட்டுது புள்ள."

"முட்டட்டும்."

பரிசல் இருட்டில் மறைகிறது.

"ஏனுங்க, போட்டிருக்கறீங்களா?" என்று மனைவி கூவுகிறார்.

"போட்டிருக்கறேன்!"

சற்றுப் பொறுத்து மறுபடி கேட்கிறார். அதே பதில். மூன்றாம் முறை நான் கூவுகிறேன்.

"போட்டிருக்கறேனுங்கக்கா! ஊட்டுல பையன் பாத்துட்டிருப்பான், கெளம்புங்க!"