அவர் சாய்ந்து தள்ளும் வண்டி

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் என் வீட்டில், ஸ்கூட்டர் நிற்க வேண்டிய இடத்தில் இரும்பு கடையும் லேத் நிற்கிறது. ஸ்கூட்டர் தெருவில் மழையில் நனைகிறது. எதிலும் கால் தரிக்காதவன் நான். இரும்பு சுற்றும்போது மட்டும் ஓரிடத்தில் நிற்பேன்.

பக்கத்து வீட்டு அக்கா தன் கணவரின் புல்வெட்டும் வண்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கையால் தள்ளுவது, தள்ளத் தள்ளக் கத்திகள் உருளும். நான் அண்ணன் என்று கூப்பிடும் அவர், பிரெஞ்சுப் பட்டாளத்து பென்ஷன் வாங்கும் சொல்தா, பழைய சிப்பாய். பக்கவாதம் வந்துபோனதில் இடது கால் இழுத்துக்கொண்டது. டாக்டர் நடக்கச் சொன்னார். வாங்கிவந்த வாக்கரில் அண்ணன் துண்டு காயப்போட்டார். ஆனால் இந்த வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொல்லையில் தினமும் நடப்பார். பார்ப்பவர்களுக்கு அது வேலை. மூன்று பாய் விரித்தால் முடிந்துவிடும் புல்தரை.

இப்போது சக்கரத்துக்குள் அச்சைத் தாங்கும் புஷ் என்ற வளையம் தேய்ந்து உடைந்துவிட்டது. அன்றிலிருந்து அவர் நாற்காலியை விட்டு எழவில்லை.

"கரண்ட்ல ஓடுறது ஒண்ணு வாங்கிடலாமேக்கா?"

"ஒயரு கால்ல சுத்திக்கினா யாரு தூக்கறது? நீயா?"

அந்தப் பழைய வண்டிக்குக் கடையில் பாகம் கிடைக்காது. கன்மெட்டல் என்னும் வெண்கலக் கம்பியை லேத்தில் பிடித்துக் கடைந்தேன். மஞ்சள் சுருள்கள் காலடியில் உதிர்ந்தன. இரண்டு சக்கரத்துக்கும் புது புஷ். பொருத்திச் சுண்டிவிட்டு டீயை எடுத்தேன். ஒரு வாய் குடித்த பிறகும் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அண்ணன் எழுந்து வந்து கைப்பிடியில் சாய்ந்தார். வண்டி அவரை விட்டுவிட்டு முன்னால் பாய்ந்தது. விழப்போனவரை அக்கா இடுப்பைப் பிடித்து நிறுத்தினார்.

"பந்தயத்துக்கா செஞ்ச?" என்றார் அக்கா என்னிடம். அண்ணனுக்கு மறுபடியும் நாற்காலி.

மறுநாள் விடியலில் மதில் வழியே பார்த்தேன். அக்கா அந்தப் புல்லுக்குத் தண்ணீர் விட்டு, ஒரு பிடி யூரியா தூவிக்கொண்டிருந்தார்.

"யாரும் வெட்டாத புல்லுக்கு எதுக்குக்கா?"

"மெதுவா பேசு. அவரு எழுந்து வரும்போது புல்லு இருக்க வாணாமா? எப்பவும் அவரு வெட்டுவாரு, நான் வளப்பேன். அவருக்குத் தெரியாது."

வண்டியை மறுபடி என் லேத் ஷெட்டுக்குக் கொண்டுவந்தேன். பழைய புஷ் தேய்ந்த தேய்வில் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. அந்தப் பிடியின் மேல்தான் அவர் சாய்ந்திருந்தார். அதை அல்லவா கழற்றி எறிந்துவிட்டேன். பழைய தோல் செருப்பை வட்டமாக வெட்டிச் சக்கரம் உரசி மெல்லச் சுற்றும்படி அதன் பின்னால் வைத்து, ஸ்பிரிங் போட்டு நட்டை இறுக்கினேன். அண்ணனைப்போல் இடது காலை இழுத்தபடி, முழு பாரத்தையும் போட்டு, ஷெட்டுக்குள் தள்ளிப் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் இறுக்கினேன்.

வாசலில் என் மனைவி. "ஊர்ல வண்டி ஓடறதுக்குத்தான் ரிப்பேர் பண்ணுவாங்க."

கொல்லையில் அண்ணன் கைப்பிடியைச் சந்தேகத்தோடுதான் பிடித்தார். சாய்ந்தார். வண்டி நின்றது, தாங்கியது, பிறகு ஓரடி நகர்ந்தது. கத்தி சிணுங்கியது, வெட்டிய புல்லின் வாசம் மதில்வரை வந்தது. கடைசிச் சுவரருகே அவரே திரும்பினார். அவரைத் தாங்கப் பின்னாலேயே நீட்டிக்கொண்டு போன கைகளை அக்கா புடவையில் துடைத்துக்கொண்டார். அவை ஈரமாகவே இல்லை.

"டைட்டா இருக்குப்பா," என்றார் அண்ணன்.

"லூஸ் பண்ணட்டுமாண்ணே?"

"வாணாம். நீ எதையும் தொடாத." மூச்சு வாங்கிக்கொண்டு தரையைப் பார்த்தார். "ஆனா பாரேன், இந்த எடத்துல மட்டும் புல்லு எப்படி வளருது."

அக்கா என்னைப் பார்த்தார். நான் நட்டைச் சரிபார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.