தேர் வரும்போது ஒயரை அவிழ்க்கணும்

மழை பெஞ்சா திட்டு, கரண்ட் போனா திட்டு, இந்தியா தோத்தா திட்டு, இது மொத்தத்தையும் ஒரே போன்ல வாங்கிக்கிறதுக்குப் பேருதான் கேபிள் டிவி தொழில். இதைப் படிக்கிற நீங்களும் ஒரு காலத்துல கேபிள்காரனைத் திட்டுனவங்கதான். இல்லேன்னு சொல்லாதீங்க. சிதம்பரத்துக்காரங்களா இருந்தா அந்தத் திட்டு என் காதுக்குத்தான் வந்திருக்கும். இதே தொழில்ல இருந்த குடும்பம்னா இன்னும் நல்லது, சேர்ந்து அழலாம்.

ஆள் வராங்க

2004-ல கல்யாணமாகி தெற்கு வீதிக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் சேகர் கேபிள் நடத்திக்கிட்டு இருந்தார். மாடியில கண்ட்ரோல் ரூம், கீழ நாங்க. வந்த மறுவாரமே கம்ப்ளெயின்ட் போனை என் கையில குடுத்துட்டு, "யார் என்னா சொன்னாலும் 'ஆள் வராங்க'ன்னு சொல்லு, போதும்"னாரு. அந்த ஆளு யாருன்னா, அவரும் என் கொழுந்தன் முருகனுந்தான். ரெண்டு பேரும் எப்பவும் ஏதாவது ஒரு போஸ்ட் மேல தொங்கிக்கிட்டு இருப்பாங்க. நானா ஒரு கம்ப்ளெயின்டையும் சரி பண்ணினதில்ல. பொய் சொல்றதோட என் டியூட்டி முடிஞ்சிடும்.

தினமும் முதல் போன் ரயிலடிப் பக்கம் ராமலிங்கம் மாமாகிட்டருந்து வரும். சொந்தமெல்லாம் இல்ல, ஊரே அவரை மாமான்னுதான் கூப்பிடும். நல்ல கபடி ஆட்டக்காரர். ஆனி மாசம் நடராஜர் கோயில் தேர்னா வடத்துல முன்வரிசை ஆளு. பண்ருட்டியில அவர் ஏறி வந்த பலாப்பழ லாரி கவுந்து, இடுப்புக்குக் கீழ உணர்ச்சியே இல்லாம போச்சு. அப்புறம் அவருக்கு கட்டிலும் டிவியுந்தான். அவர் வீடு எங்க லைனோட கடைசி வீடு, சிக்னல் போய்ச் சேரும்போது அதுக்கு மூச்சு வாங்கும். படத்துல கோடு வராத நாளே கெடையாது.

நான் போனை எடுத்தா வணக்கம்கூட சொல்ல மாட்டார். "இன்னாம்மா இது, கதாநாயகி ஜெயில்ல இருக்கிறமாரி கம்பி கம்பியா தெரியிறா?"

இலவச டிவி

அப்புறம் கவர்மென்ட்டு வீட்டுக்கு வீடு கலர் டிவி குடுத்தாங்க. அடடா, என்னா கூட்டம், என்னா சந்தோஷம்! டிவியைத் தலையில வெச்சிக்கினு நடந்து போனவங்களை நான் எங்க வாசல்ல நின்னு பார்த்தேன். எங்களுக்கும் கொண்டாட்டம், புதுக் கனெக்‌ஷன் வருமில்ல.

பூக்கட்டற அஞ்சலை டிவிக்கு மஞ்சள் குங்குமம் வெச்சி, மல்லிப்பூ சாத்தி, சுவிட்ச் போட்டிருக்கா. உர்ர்ருன்னு வெள்ளையா பொரியுது. நேரா எங்க வீட்டுக்கு வந்துட்டா. கேபிள் தனியா போடணும், மாசாமாசம் கட்டணும்னு பொறுமையா எடுத்துச் சொன்னேன். இடுப்புல கை வெச்சி என்னை மேலும் கீழும் பார்த்தா.

"இது நல்லா இருக்குதே! அரிசியைக் குடுத்துட்டு, அடுப்பை வெளிய வாங்கிக்கன்னு சொல்றமாரி!"

தோல்வியின் மொழி

கிரிக்கெட் மேட்ச் வந்தா எனக்கு ஜுரமே வந்துடும். காசு கட்டிப் பார்க்கற சேனல்காரங்க மேட்சுக்கு முந்தின நாள் பார்த்து எதையாவது சொல்லி சேனலை இழுத்து மூடிடுவாங்க. திட்டு எனக்கு. அந்த நேரத்துலதான் கவர்மென்ட்டு ஒரு சட்டம் போட்டாங்க, முக்கியமான மேட்சை அரசு சேனலுக்கும் குடுத்தே ஆகணும்னு. அந்தச் சட்டம் போட்டவர் வாயில சக்கரையைப் போடணும்னு நெனச்சேன்.

மேட்ச் அன்னிக்குப் படம் பளிச்சுன்னு வந்துது. பேச்சு மட்டும் இந்தி. நம்மாளுங்க வரிசையா அவுட்டாகி வெளிய போறாங்க, இவங்க அதை இந்தியில ரொம்ப விலாவாரியா சொல்றாங்க. டெய்லர் கணபதி கடையிலருந்து போன். படம் வரலியான்னு கேட்டேன். வருது, நல்லாவே வருதுன்னார்.

"தோக்கறதுதான் தோக்கறானுவ, அதைத் தமிழ்ல சொன்னா கொஞ்சம் ஆறுதலா இருக்குமில்ல?"

புழுதி

நாங்களா ஒரு உள்ளூர் சேனல் வெச்சிருந்தோம். பொறந்தநாள் வாழ்த்து, கண்ணீர் அஞ்சலி, காணாமப்போன பசுமாடு எல்லாம் அதுல வரும். கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்துல கபடிப் போட்டின்னதும், ராமலிங்கம் மாமாவுக்காகவே முருகனைக் கேமராவோட பஸ் ஏத்தி அனுப்பினேன். மறுநாள் சாயந்திரம் போடுறோம்னு ஊரெல்லாம் சொல்லியாச்சு.

கேசட்டைப் போட்டா, ஆரம்பம் ஜோரா இருக்கு. நம்ம பக்கத்து ஆளு பாடிக்கிட்டு உள்ள போனதும் முருகனுக்கு வெறி ஏறிடுச்சு. கேமராவைத் தரையில வெச்சிட்டு, "புடி, புடி"ன்னு கத்தப் போயிட்டான். மீதி ஆட்டம் பூரா வெறும் பாதமும் மண்ணுந்தான். அசிங்கமா போச்சு எனக்கு. போன் அடிச்சதும் மாமாதான்னு தெரியும், எடுக்கவே பயந்தேன். அவர் குரல் என்னமோ ரொம்ப இறங்கி இருந்துது.

"பரவால்ல வுடும்மா. புழுதி பறந்துச்சு பாரு, எவ்ளோ நாளாச்சு அதைப் பார்த்து."

வந்ததும் சாத்தின கதவு

அந்தக் குரலைக் கேட்டப்புறந்தான் ஆனித் தேரை நேரலையா போடணும்னு நான் ஒத்தக்கால்ல நின்னேன். கோயிலுக்குள்ள கேமரா விடமாட்டாங்க. வீதிக்கு வந்துட்டா சாமி எல்லாருக்கும் பொதுதானே. எங்க மொட்டை மாடியில கேமரா, கண்ட்ரோல் ரூமுக்கு ஜெனரேட்டர், எல்லாம் ரெடி. மாமாவை வேணா நாலு பேரா தூக்கிட்டு வர்றோம்னு முதல்ல கேட்டுப் பார்த்தோம். "நான் வடம் புடிச்ச எடத்துல என்னைத் தூக்கியாந்து வெக்காதீங்க"ன்னு கத்திட்டார். அதனால டிவியை விட்டா அவருக்குத் தேர் கெடையாது.

இங்கதான் ஒரு கூத்து. தேர் எவ்ளோ உயரம்னு உங்களுக்குத் தெரியும். அது வரும்போது வீதிக்குக் குறுக்க போற ஒயரை எல்லாம் அவிழ்த்துடணும். கரண்ட்டு ஆபீஸ்காரங்க அவங்க ஒயரை அவிழ்ப்பாங்க, நாங்க எங்க ஒயரை. வருஷாவருஷம் நடக்கறதுதான். ரயிலடிக்குப் போற லைனும் அந்தக் குறுக்கு ஒயர்லதான் போவுதுன்னு எங்க யாருக்கும் உறைக்கல. தேர் கீழ வீதியிலருந்து திரும்புது, நான் போன்ல மாமாகிட்ட "இதோ வருது, பாருங்க"ன்னு சொல்றேன், அந்தப் பக்கம் முருகன் வழக்கம்போல ஏணியில ஏறி ஒயரை அவிழ்த்துட்டான்.

"தேர் வருது வருதுன்னு காட்டிட்டு, வந்ததும் கதவைச் சாத்திட்டியேம்மா!"

மறு வருஷம் எதிர்வரிசையில ஒரு மாடியைக் கெஞ்சி வாங்கி, சிக்னல் அனுப்பற மிஷினை அங்கயே வெச்சி, குறுக்கு ஒயர் இல்லாமலே அனுப்பினோம். மாமா பார்த்தார். அதுலருந்து ஒவ்வொரு வருஷமும் பார்த்தார். ஒவ்வொரு வருஷமும் "சாமி மேல ஏம்மா இவ்ளோ கோடு?"ன்னும் கேட்டார்.

மஞ்சக்குப்பத்து ஆபீஸ்

கடைசியா ஒரு உத்தரவு வந்துது. அனுமதி வாங்காத உள்ளூர் சேனலை எல்லாம் நிறுத்தணுமாம். ஊரெல்லாம் இருக்கிற சேனல்ல எவன் எதைப் போடுறான்னு கவர்மென்ட்டு கவலைப்படறதும் நியாயந்தான், ஆனா காணாமப்போன பசுமாட்டைப் போடறவ மேலயுமா? மாமா தினமும் ஒண்ணுதான் கேட்டார், "ஆனித் தேர் காட்டுவீங்கல்ல?" நான் பஸ் ஏறி மஞ்சக்குப்பம் கலெக்டர் ஆபீசுக்குப் போனேன். ஒவ்வொரு மேஜையா அனுப்பி, கடைசியில ஒரு அதிகாரி உக்கார வெச்சி டீயே வாங்கிக் குடுத்தார். நல்ல மனுஷன்தான். தேர் ஒரு நாள் மட்டும் போட்டுக்கறோம் சார்னு கெஞ்சினேன்.

"தேர் ஓடட்டும்மா, யாரு வேணாம்னாங்க? டிவியில ஓட வேணாம்னுதான் சொல்றோம்."

திரும்பி வரும்போது பஸ்லயே அழுதேன். மீறிப் போட்டா மிஷினை எடுத்துட்டுப் போயிடுவாங்கன்னு சேகருக்குப் பயம். அதுவும் தப்பில்ல, எங்க சோறு அது.

கடைசி வீடு

தேர் அன்னிக்குக் காலையில போன் வரல. எனக்கு அதுதான் தாங்கல. அத்தனை வருஷத்துல முதல் தடவையா நான் மாமாவுக்குப் போன் போட்டேன். கம்ப்ளெயின்ட் நம்பர் அப்போ செல்போனா மாறிடுச்சு, அதை எடுத்துக்கிட்டு மொட்டை மாடிக்கு ஓடினேன். "மாமா, ஸ்பீக்கர்ல போடுங்க. நான் சொல்றேன், கேளுங்க"ன்னேன்.

எனக்கு என்னா தெரியும்? "தேர் வருது மாமா, பெருசா இருக்குது"ன்னேன். "பெருசாத்தான் இருக்கும், எந்தத் தேரு?"ன்னு எரிஞ்சு விழுந்தார். அஞ்சு தேர்ல முதல்ல வர்ற பிள்ளையார் தேர்னேன். அப்புறம் ஒரே கேள்விதான். வடம் புதுசா, பழசா? முட்டுக்கட்டை போடறவன் சுறுசுறுப்பா இருக்கிறானா? முன்வரிசையில பொம்பளைங்க இருக்காங்களா? அவர் கேக்கக் கேக்கத்தான் நானே குனிஞ்சு அதையெல்லாம் பார்த்தேன். அது வரைக்கும் வருஷாவருஷம் ஒயரைத்தான் பார்த்துக்கிட்டு இருந்திருக்கேன். பூ எந்தப் பக்கம் சரிஞ்சிருக்குது, எவன் செருப்பு அறுந்துது, முனையில எப்படி நின்னு, குலுங்கி, திரும்புது, எல்லாம் சொன்னேன். நடராஜர் தேர் எங்க வீட்டுக்கு நேரா வந்ததும் மாமா, "நீ பேசாத, அவுங்க சத்தம் கேக்கட்டும்"னார். போனைக் கைப்பிடிச் சுவருக்கு வெளிய நீட்டிப் பிடிச்சிக்கிட்டு நின்னேன். கீழ ஊரே கத்திக்கிட்டு இழுக்குது.

தேர் தாண்டினதும் போனைக் காதுல வெச்சேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சற சத்தம். நானும் அப்படித்தான் நின்னேன். மாமா, இருக்கீங்களான்னு கேட்டேன்.

"இந்த வருஷந்தாம்மா கோடு இல்லாம தெரிஞ்சுது."

அந்த நம்பருக்கு வந்த அத்தனை கம்ப்ளெயின்ட்லயும் 'ஆள் வராங்க'ன்னு சொல்லாம நானே சரி பண்ணினது அந்த ஒண்ணுதான், அதுவும் சேனலை மூடினப்புறம்.