அரைக்கிலோ எடைக்கல்

இடஒதுக்கீடு கேட்டுச் சாலைகளில் மரங்களை வெட்டிப் போட்ட ஆண்டுகளில் நான் கள்ளக்குறிச்சி தொலைபேசி நிலையத்தில் பொறியாளன். ஒருநாள் காலை முதல் பேருந்தில் என் மனைவி கல்வராயன் மலை ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் வேலைக்குப் போனாள். பின்னாலேயே மரங்கள் விழத் தொடங்கின. மேலே போய்ச் சேர்ந்தாளா, நடுவழியில் நிற்கிறாளா, தெரியவில்லை. விழுந்த மரங்கள் மலைக்குப் போன பழைய செம்புத் தொலைபேசிக் கம்பியையும் அறுத்துவிட்டன. மிச்சம், சோதனைக்காக மலைவரை மண்ணுக்கடியில் போட்ட கண்ணாடி இழைதான். அதில் ஒளியை அனுப்பும் பெட்டியும் அன்று பார்த்துச் செத்துக் கிடந்தது.

மெக்கானிக்கும் நானும் மூடியைத் திறந்தோம். உள்ளே தலைமுடி போன்ற இழை, அதை ஒட்டியிருந்த பசை முடிகிற விளிம்பில், வளைவு அதிகமான இடத்தில் ஒடிந்திருந்தது. மேலுறையை உரித்தபோது கத்தி கண்ணாடியைத் தொட்டிருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத கீறல், வளைவிலும் ஈரத்திலும் மெல்ல மெல்ல வளர்ந்திருக்கும்.

மாற்றுவதற்கு இருந்தவை இரண்டே இழைத் துண்டுகள். மேலுறையை உரித்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். இரண்டின் நுனியிலும் ஒரே மாதிரி தூரத்து நட்சத்திரம். கீறல் இருந்தால் வெளிச்சத்தில் தெரியாது, எடை கட்டி இழுத்தால்தான் தெரியும். கீழே மளிகைக் கடைக்குப் போய் அரைக்கிலோ எடைக்கல்லைக் கேட்டு வாங்கி வந்தேன்.

"இன்னா சார், அத்தத் தொங்க வுட்டா நல்லதும் பூடும்," என்றார் மெக்கானிக்.

"போறது இங்கயே போவட்டும். மூடின பெறவு போனா இன்னா பண்ணுவ?"

முதல் துண்டு, நான் மூன்று எண்ணுவதற்குள் சத்தமே இல்லாமல் ஒடிந்தது.

மெக்கானிக் என் கையைப் பிடித்துக்கொண்டார். "மீதி ஒண்ணுதான் சார். இத்த இழுக்காம வெச்சிடலாம். நர்சம்மா கொரலு கேக்க வேணாமா?"

"கேக்கணும்னுதான் இழுக்கறேன்."

இரண்டாவது துண்டில் கல் மெதுவாகச் சுழன்று நின்றது. ஜன்னலுக்கு வெளியே மழை; அந்த மங்கல் வெளிச்சத்தில் இழை கண்ணுக்கே தெரியவில்லை. கல் தானாக அந்தரத்தில் மிதந்தது. அறை முழுக்கத் தண்ணீருக்கடியில் இருப்பது போலிருந்தது. இருபது எண்ணி முடித்து மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினேன்.

"போதும் சார். கடைக்காரரு கல்லு எங்கன்னு கத்திக்கினு கீறாரு."

இழையை அகலமாக வளைத்து, பொருத்தி, மூடினோம். ஆஸ்பத்திரி எண்ணைச் சுழற்றினேன். மறுமுனையில் மணி அடித்தது. அவளே எடுத்தாள்.

"கொழம்ப சுட வெச்சீங்களா?"

"எப்ப போய்ச் சேந்த?"

"மரம் வுழறதுக்கு முன்னாடியே வந்துட்டேன். இங்க மேகம் ஜன்னலுக்குள்ள வருது, இருங்க, சாத்திட்டு வரேன்."

ஜன்னல் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு அவள் திரும்பி நடந்து வருவதும் கேட்டது.