மாமாவின் ஈரல் பவுடர்

மண்டபத்தை விட்டு வெளியே வந்து ஒரகடம் சாலையில் பாதி தூரம் நடந்துவிட்டேன். புதுக் கார்களை அடுக்கி ஏற்றிய லாரிகள் என்னை உரசுவது போலப் போய்க்கொண்டிருந்தன. பின்னால் மாமா வந்துகொண்டிருந்தார். ஷூ கடித்ததால் அவரால் என்னைப் பிடிக்க முடியவில்லை.

"டேய், நில்றா."

"நிக்க மாட்டேன்."

"இன்னா பண்ணிட்டு வந்துகீற, தெரியுமா?"

தெரியும். எட்டாவது படிக்கும் பையனிடம் மைக்கைக் கொடுத்தால் என்ன ஆகுமோ அது ஆகியிருந்தது.

அந்த வருடம் எனக்கு டிபி. அரசு ஆஸ்பத்திரி மாத்திரையைத் தினமும் விழுங்கிக்கொண்டிருந்தேன். ஆரம்பித்த அன்றே சிறுநீர் சிவப்பாகப் போனது. எங்கள் லைன் வீட்டில் எல்லோரும் என் ஈரல் கரைகிறது என்றார்கள். நர்ஸ் அக்கா அம்மாவிடம் வேறு மாதிரி சொல்லியிருந்தார்: "அது மாத்திரையோட கலரு. கண்ணு மஞ்சளானா, வாந்தி நிக்கலன்னா ஒடனே கூட்டினு வாங்க. ஈரலுக்குன்னு தனியா எதையும் வாங்காதீங்க. பருப்பு, முட்டை குடுங்க."

அம்மா ஒரு கம்பெனியில் கூட்டிப் பெருக்கும் வேலை செய்தாள். பருப்பு கிடைத்தது. முட்டை எப்போதாவது வரும். வந்தால் மஞ்சள் கருவுக்காக மாமாவும் நானும் அடித்துக்கொள்வோம்.

மாமா அம்மாவின் தம்பி, எங்களோடுதான் இருந்தார். கான்ட்ராக்ட் முடிந்தது என்று கம்பெனியில் வெளியே அனுப்பியதும், ஈரலைக் காக்கும் பவுடர் விற்கும் கூட்டத்தில் சேர்ந்து ஒரு டை வாங்கினார். யாரோ போட்டுக் கொடுத்த முடிச்சு. அவிழ்த்தால் மறுபடி கட்டத் தெரியாது என்பதால் தலை வழியாகவே கழற்றி ஆணியில் மாட்டுவார். கட்டிலுக்கு அடியில் பவுடர் டப்பாக்கள். காலையில் என் மாத்திரையைத் தன் கையாலேயே கொடுத்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பார். பிறகு ஒரு டம்ளர் பவுடர் கரைசல். நனைந்த சிமென்ட் மூட்டை மாதிரி வாசனை. அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் பின்னால் இருந்த பப்பாளிக்கு ஊற்றிவிடுவேன். அந்த வருடம் பப்பாளி நன்றாகக் காய்த்தது. மாமாவுக்கு இன்னும் கொஞ்சம் சாமர்த்தியம் இருந்திருந்தால் அதையே விளம்பரமாக்கியிருப்பார்.

மண்டபத்தில் நடந்த ஞாயிற்றுக்கிழமை பவுடர் கூட்டத்துக்கு என்னை அழைத்துப் போகும்போது வழியெல்லாம் பாடம் நடத்தினார்.

"மாத்திரைய நிறுத்திட்டேன், பவுடர்தான் காப்பாத்துச்சின்னு சொல்லு. அவ்ளோதான்."

"நான் நிறுத்தலயே."

"நிறுத்துனா தோல உரிச்சிடுவேன். சும்மா சொல்றதுக்குத்தான்டா."

மேடையில் மைக்கை வாங்கி, அவர் சொன்னதை அப்படியே சொன்னேன். கை தட்டினார்கள். அப்போது எங்கள் லைன் வீட்டுக் கோடி அறை அக்கா எழுந்து நின்றார். அவர் மகளும் நானும் ஆஸ்பத்திரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து மாத்திரை வாங்குவோம். என்னைவிடச் சின்னவள், என்னைவிட அதிகமாக இருமுவாள்.

"நெஜமாவே நிறுத்திட்டியா தம்பி? எம்பொண்ணுக்கும் செவப்பாத்தான் போவுது. நானும் நிறுத்திடலாம்னு கீறேன்."

ஆமாம் என்று சொல்லும்படி மாமா என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

"நிறுத்தாதீங்கக்கா. நான் பொய் சொன்னேன். எனக்கும் செவப்பாத்தான் போவுது. தெனம் மாமாதான் மாத்திர குடுக்குறாரு. பவுடர பப்பாளிக்கு ஊத்திடுறேன்."

பின்வரிசையில் ஒருவர், "மரத்துக்கு ஈரல் நல்லாகீதா தம்பி?" என்று கேட்டார். மண்டபமே சிரித்தது. அக்கா பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அவர் பின்னால் இன்னும் சிலர். நான் மைக்கை நாற்காலியில் வைத்துவிட்டு இறங்கினேன்.

அக்காவின் மகள் மாத்திரையை நிறுத்தவில்லை. இன்று கூப்பிட்டு மைக்கைக் கொடுத்தாலும் அதையேதான் சொல்வேன். பிறகு எத்தனையோ ஊரில் எத்தனையோ முதலாளிகளிடம் வாயைத் திறந்து வேலையை இழந்திருக்கிறேன். பழக்கம் அங்கே ஆரம்பித்தது.

வல்லக்கோட்டைக்குப் பிரியும் இடத்து டீக்கடையில் மாமா என்னைப் பிடித்துவிட்டார். அடித்தாலும் அழக்கூடாது என்று நின்றேன். அவர் ஓர் அவித்த முட்டையை வாங்கி நீட்டினார்.

"துன்னு. காலைல மாத்திர போட்ட வவுறு."

"பவுடர் காசுல வாங்குனது எனக்கு வேணாம்."

"பின்ன கலெக்டர் வந்து வாங்கித் தருவாரா?"

நான் கையை நீட்டவில்லை. முட்டையைக் காகிதத்தில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வீடு வரைக்கும் நடந்தார்.

மறுநாள் காலை டை ஆணியிலேயே தொங்கியது. ஒரகடத்தில் ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவும் வேலைக்கு மாமா போனார். சாயங்காலம் ஊறி வெளுத்த விரல்களால் டிபன் பாக்ஸைத் திறந்து ஒரு முட்டையை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"கேன்டீன்ல குட்த்தது. எனக்கு முட்ட ஆவாது."

பவுடர் காசில் வாங்கியது இல்லை என்பதால் சாப்பிட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சாப்பிட்டேன். மாத்திரை முடியும்வரை தினமும் ஒன்று வந்தது. கேன்டீனில் ஆளுக்கு ஒரு முட்டைதான் என்பது எனக்குத் தெரியும். மஞ்சள் கருவுக்காக என்னோடு அடித்துக்கொண்டவர் அவர்தான் என்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் அப்போது தெரியவில்லை.