தர்மண்ணை கேட்ட வயர் தொலைபேசி

தர்மண்ணை இறந்துபோன செய்தி எனக்கு எங்கள் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. மொன்றியல் விமான நிலையம் இருக்கும் டோர்வலில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் கூடத்தில் வேலை செய்கிறேன். இடைவேளையில் கைபேசியைத் திறந்தால் கும்பிடும் கைகளும் மெழுகுதிரிகளும் வரிசையாக நின்றன. "தர்மகுலசிங்கம் அண்ணை எங்களை விட்டுப் பிரிந்தார்" என்று தலைவர் போட்டிருந்தார். அதற்கு நேர் கீழே ஒருவர், "எத்தினை வருசம் அண்டெனாவுக்குக் கிட்ட நிண்ட மனுசன், அந்தக் கதிர்வீச்சு சும்மா விடுமோ?" என்று எழுதியிருந்தார். அதற்கும் பலர் பெருவிரல் காட்டியிருந்தார்கள். உடலை இன்னும் ஆஸ்பத்திரியிலிருந்து எடுக்கவில்லை. கையிலிருந்த பாண் துண்டைக் குப்பையில் போட்டுவிட்டு வேலைக்குத் திரும்பினேன்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு நாலு வரி எழுதித் தரும்படி அவருடைய மனைவி சரோ அக்கா கேட்டார். "நான் எழுதினால் சில பேருக்குப் பிடிக்காது அக்கா" என்றேன். "எழுதும் தம்பி. ஒரு சொல்லும் வெட்டமாட்டன்" என்றார். அந்தத் துணிவில்தான் எழுதுகிறேன்.

அவரைத் தெரிந்த உங்களுக்கு அவர் யாரென்று சொல்லத் தேவையில்லைதான். ஆனால் கடைசி ஒரு வருடமாக அவரைப் பற்றி நாங்கள் பேசிய பேச்சில் அது மறந்துபோயிருக்கும். மொன்றியலுக்கு வந்த புதிதில் விமான நிலையத்தில் நிலம் துடைத்தவர். வேலை செய்துகொண்டே பிரெஞ்சும் படித்து, தொழில்நுட்பமும் படித்து, கட்டடங்களின் கூரைகளில் இருக்கும் அண்டெனாக்களைச் சோதிக்கும் வேலைக்குப் போனவர். அரசாங்கம் வைத்த வரம்புக்குள் அவை இருக்கின்றனவா என்று அளப்பதுதான் அவருடைய தொழில். பார்க் எக்ஸ்டென்ஷனில் நிலக்கீழ் தளத்தில் இருக்கும் எங்கள் சங்க மண்டபத்தில் மைக் இரைந்தாலும் லைட் அணைந்தாலும் "தர்மண்ணையைக் கூப்பிடு" என்பதுதான் வழக்கம். அவரும் ஒருநாளும் வராமல் விட்டதில்லை.

போன வருடம் கட்டடச் சொந்தக்காரரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. கூரையில் புதிய ஐந்தாம் தலைமுறை அண்டெனா வரப்போகிறது, மண்டபத்தில் எப்போதும் கைபேசிக்குச் சிக்னல் எடுப்பதில்லை என்பதால் அதைக் கீழே கொண்டுவர அங்கே ஒரு சிறிய கருவியும் பூட்டுவார்கள், ஆட்சேபம் உண்டா என்று கேட்டிருந்தார். அன்றைக்குப் பிடித்தது சனி. குருவி செத்த படம், மரம் பட்ட படம், எந்த நாடென்றே தெரியாத ஒரு டொக்டரின் வீடியோ என்று குழு நிரம்பி வழிந்தது. அண்டெனா நிறுவனத்திடம் விளக்கம் கேட்டு இரண்டு தரம் எழுதினோம். ஒரு மனிதரும் வரவில்லை. தர்மண்ணைக்கு அவர்கள் மேலும் கோபம்தான். "சனம் கேக்குது, வந்து பதில் சொல்ல வேண்டாமோ? கேக்கிறது சனத்தின்ரை உரிமை" என்றார்.

வராத ஆட்களுக்குப் பதிலாக ஒரு சனிக்கிழமை அவரே தன்னுடைய அளவு கருவியோடு வந்தார். ஏற்கெனவே ஒரு பழைய அண்டெனா நிற்கும் பக்கத்துக் கட்டடத்தின் வாசலில் பிடித்துக் காட்டினார். முள் அசைந்ததே தெரியவில்லை. பிறகு மண்டபத்துக் குசினிக்குப் போனார். அங்கே மைக்ரோவேவில் வடை சூடாகிக்கொண்டிருந்தது. கருவியைக் கிட்டக் கொண்டுபோனதும் முள் துள்ளியது. வடைக்காக நின்ற பெண்கள் இரண்டடி பின்னால் போனார்கள். "பயப்படாதேங்கோ, இதுகும் வரம்புக்கை தான்" என்று சிரித்தார். பிறகு என் கைபேசியை வாங்கிப் பார்த்தார். "உங்களிலை எத்தினை பேர் இதைத் தலைமாட்டிலை வைச்சுக்கொண்டு படுக்கிறியள்? சிக்னல் இல்லாத இடத்திலைதான் இது கூடக் கத்தும். செவிடனைக் கூப்பிடுற மாதிரி" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். வடையும் முடிந்தது. அவர் சொன்னதைக் கேட்டதும் அதோடு முடிந்தது.

எங்கள் நிர்வாக சபையிலேயே ஒருவர் அந்த நாட்களில் கதிர் தடுக்கும் ஸ்டிக்கர் விற்றார். பெயர் வேண்டாம், உங்களுக்குத் தெரியும். பிள்ளைகள் தமிழ் படிக்கும் வகுப்பின் வாசலிலேயே மேசை போட்டு விற்றார். தர்மண்ணை ஸ்டிக்கர் ஒட்டிய கைபேசியையும் ஒட்டாததையும் எல்லோருக்கும் முன்னால் அளந்து காட்டினார். வித்தியாசம் இல்லை. ஸ்டிக்கர்காரர் கொஞ்சமும் கூசவில்லை. "உந்த மெசின் கொம்பனி மெசின். நீங்களும் கொம்பனியின்ரை ஆள்" என்றார். அந்த நேரம் என் கைபேசியின் முதுகிலும் அந்த ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருந்தது. அதை நினைக்க இப்போது என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

கொம்பனியின் ஆள்! அந்தப் பட்டத்தைச் சூட்டியவர்களுக்கு ஆற்றுக்கு அக்கரையில் லொங்குய் நகரில் நடந்தது தெரியாது. எனக்கும் சரோ அக்கா சொல்லித்தான் தெரியும். அங்கே ஒரு கூரையில், இயங்கிக்கொண்டிருந்த அண்டெனாவுக்கு நேர் முன்னால் நாலைந்து பேரைத் தார் போட விட்டிருந்தார்கள். தர்மண்ணை வேலையை நிறுத்தி, அவர்களைக் கீழே இறக்கி, அண்டெனாவை அணைக்கும் வரை ஒருவரையும் ஏற விடவில்லை. மேலதிகாரி தொலைபேசியில் கத்தியிருக்கிறார். நடந்ததை அப்படியே அறிக்கையில் எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தவரைப் பல நாட்கள் வேலைக்கு அழைக்கவில்லை. "பயம் வேணும். ஆனால் சரியான இடத்திலை வேணும்" என்று மட்டும் சரோ அக்காவிடம் சொல்லியிருக்கிறார். இதை அவர் எங்கள் கூட்டத்தில் ஒருதரம் சொல்லியிருந்தால் எங்கள் வாய் அடைத்திருக்கும். தன்னைப் பற்றிப் பேசுவது அவருக்கு வராது.

இனி என் பங்கு. நான் சங்கச் செயலாளர், எழுத்து எனக்கு ஓடும் என்று ஊரில் ஒரு பேர். அண்டெனாவுக்கு எதிரான மனுவை என்னிடம்தான் எழுதக் கொடுத்தார்கள். "எங்கள் குழந்தைகளின் தலைமேல் கண்ணுக்குத் தெரியாத நஞ்சு மழை பொழிய விடமாட்டோம்" என்று எழுதினேன். கைதட்டினார்கள். எனக்கும் உச்சி குளிர்ந்தது. தர்மண்ணை அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார்.

"தமிழ் வடிவா இருக்கு ஐசே. ஒண்டு கேக்கிறன். இதிலை நீர் பார்த்து எழுதினது எது?"

சிரித்து மழுப்பினேன். அவர் சிரிக்கவில்லை.

மனுவை நிறைவேற்றிய கூட்டத்தில் எதிர்த்துக் கை தூக்கியவர் அவர் ஒருவர்தான். தோற்றபின் கோபித்துக்கொண்டு போகவில்லை. எழுந்து நின்று, குசினிக் கதவுக்குப் பக்கத்துச் சுவரைக் காட்டி, "சரி, அண்டெனா வேண்டாம். ஆனால் இஞ்சை கீழை கைபேசி எடுக்காது. சின்னப் பிள்ளையளும் வயசு போன ஆக்களும் வாற இடம். உந்தச் சுவரிலை வயர் போன் ஒண்டெண்டாலும் பூட்டுங்கோ. அதிலை கதிர் இல்லைத்தானே?" என்றார். என் பக்கம் திரும்பி, "செயலாளர், இதைக் குறிப்பிலை எழுதும்" என்றார். நான் பேனாவை எடுத்தேன். தலைவர் என் காதுக்குள், "உதை எழுதினால் பிறகு செய்ய வேண்டி வரும், விடும்" என்றார். விட்டேன். தர்மண்ணை கேட்டதைக் கேட்டதாகக்கூட எங்கள் பதிவேட்டில் இல்லை. மனுவைப் பார்த்த சொந்தக்காரர் அண்டெனாவையும் கீழே பூட்டவிருந்த கருவியையும் கைவிட்டார். நாங்கள் கேக் வெட்டினோம்.

அடுத்த பனிக்காலத்தில், கலைவிழா ஒத்திகைக்கு நாற்காலி அடுக்க வந்த ஒரு ஞாயிறு மத்தியானம், தர்மண்ணை அந்த மண்டபத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். அப்போது அங்கே மூன்று பேர் இருந்தார்கள். மூன்று கைபேசியும் எடுக்கவில்லை. ஒருவர் படியேறி வாசலுக்கு ஓடி, கைபேசியைக் கீழேயே விட்டுவிட்டு வந்ததை அங்கே உணர்ந்து, பனியில் வழுக்கித் தெருவைக் கடந்து எதிரே இருந்த தெப்பனர் என்கிற சின்னப் பலசரக்குக் கடைக்குள் விழுந்தடித்துப் போனார். கடைக்காரப் பெண்தான் பிரெஞ்சில் பேசி அம்புலன்சைக் கூப்பிட்டாள். அந்த நிமிடங்கள் கிடைத்திருந்தால் அவர் பிழைத்திருப்பாரா என்று சரோ அக்கா டொக்டரிடம் கேட்டார். சொல்ல முடியாது என்றாராம். எனக்கும் தெரியாது. ஆனால் அந்த நிமிடங்களை அவரிடமிருந்து எடுத்தவர்கள் யார் என்பது எனக்குத் தெரியும். எடுத்த கைகளில் ஒன்று இதை எழுதுகிற கை.

செத்தவீட்டில் ஸ்டிக்கர்காரர் முன்வரிசையில் வந்து நின்றார். சரோ அக்காவின் கையைப் பிடித்து, "நாங்கள் அப்பவே சொன்னனாங்கள் தங்கச்சி. உந்தக் கதிர் ஆளைத் திண்டிட்டுது" என்றார். அக்கா கையை இழுத்துக்கொண்டார்.

"இருதயத்திலை அடைப்பு எண்டு டொக்டர் சொன்னவர். உங்களுக்கு வேறை டொக்டர் ஆரும் சொன்னவையோ?"

அவர் அசடு வழிந்துகொண்டு தேநீர் மேசைக்குப் போனார். அங்கே நின்றவர்களிடமும் அதையேதான் சொன்னார். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். உண்மைதான். ஆனால் பெட்டிக்குள் கிடக்கும் மனிதரையே தங்கள் பொய்க்குச் சாட்சியாகக் கூப்பிடுகிற வாய்களை நான் அன்றுதான் பார்த்தேன். சீ என்று போய்விட்டது. அதைவிடக் கேவலம், பக்கத்தில் நின்று நானும் தேநீர் குடித்தேன். வாய் திறக்கவில்லை.

சபை இப்போது தர்மண்ணையின் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மண்டபத்தில் மாட்டியிருக்கிறது. குசினிக் கதவுக்குப் பக்கத்துச் சுவரில். அவர் கை நீட்டிக் காட்டிய அதே இடத்தில் மாலை தொங்குகிறது. தொலைபேசி இல்லை.

இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது நீங்கள் அந்த மண்டபத்தில்தான் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருப்பீர்கள். ஒருதரம் உங்கள் கைபேசியை எடுத்துப் பாருங்கள். பிறகு அந்தச் சுவரைப் பாருங்கள்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இரண்டு. ஒன்று, "இதிலை நீர் பார்த்து எழுதினது எது?" என்ற கேள்வி. இந்த மலரில் அதற்குப் பயந்துதான் ஒவ்வொரு வரியும் எழுதினேன். மற்றது, நான் எழுதாமல் விட்ட ஒரு குறிப்பு. செயலாளர் என்ற முறையில் என் கடைசி வேலையாக அதை இங்கே பதிகிறேன்:

மண்டபத்தில் கைபேசி எடுக்காத காரணத்தால், சுவரில் வயர் உள்ள தொலைபேசி ஒன்றைப் பூட்டும்படி உறுப்பினர் திரு. தர்மகுலசிங்கம் சபையைக் கேட்டுக்கொண்டார்.