கேட்காமலே நீட்டிய அட்டை

பேர்லின், நொய்கெல்ன். முருகன் கோயில் திருவிழாக் கூட்டத்துக்கு நடுவே, தமிழ்ப் பிள்ளைகளையும் போலீஸில் சேரச் சொல்லி ஒரு மேசை போட்டிருக்கிறார்கள். சீருடையில் நிற்பவளும் தமிழ்ப் பெண்தான். பதினேழு வயது மகளின் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட வந்த யாழ்ப்பாணத்து அப்பா, சீருடையைக் கண்டதும் தன் அடையாள அட்டையை எடுத்து நீட்டுகிறார்.

"அண்ணை, நான் ஒண்டும் கேக்கேல்லையே," என்கிறாள் போலீஸ்காரி.

"பிறகு ஏன் காட்டினீங்க?" என்று பக்கத்தில் நிற்கும் நான் அவரிடம் விசாரிக்கிறேன்.

"அகதியா வந்த நாளில இருந்து பழக்கம், தம்பி. இந்த உடுப்பைக் கண்டால் கை தானாப் பொக்கற்றுக்குப் போகுது."

மகள் விண்ணப்பத்திலிருந்து நிமிர்கிறாள். "நான் சேர்ந்தால் எனக்கும் காட்டுவியளோ, அப்பா?"

அவர் அட்டையை உள்ளே வைத்துவிட்டுப் பேனாவைக் கேட்கிறார்.