பையில்லாத சட்டை

ஆரோக்கியசெல்வத்தின் சட்டைகளுக்குப் பை கிடையாது. தையல்காரரிடம் துணியைக் கொடுக்கும்போதே எங்கள் அம்மா செபஸ்தியம்மாள் சொல்லிவிடுவாள். எனக்குத் தைப்பதில் இடது பக்கம் ஒரு பை. செல்வத்துக்குத் தைப்பதில் வேண்டாம். அவனுக்கு ஆறு வயதில் தொடங்கிய ஏற்பாடு இது. கடைத்தெருவில் எவருக்காவது ஒரு பொருள் காணாமல் போனால், பிள்ளைகள் எத்தனை பேர் நின்றாலும் முதலில் அவன் பையில்தான் கையை விட்டார்கள். பையே இல்லாவிட்டால் கையை விட முடியாது. அம்மாவுக்குத் தெரிந்த பாதுகாப்பு அவ்வளவுதான்.

அவன் அவள் பெற்ற பிள்ளை அல்ல. மார்க்கையன்கோட்டையிலிருந்து குச்சனூர் போகிற சாலைக்குச் சற்று உள்ளே, கிறிஸ்தவர்களின் நாற்பது வீடுகள் கொண்ட வேதக்காரர் தெரு எங்களுடையது. அப்பா மரியராஜ் அங்கே உபதேசியார். சாமியார் மாதம் ஒரு முறை வந்து பூசை வைத்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் செபம் சொல்லுவதும் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் படிப்பிப்பதும் அப்பாவின் வேலை. 1920-ல் காலரா கண்டபோது ஒரு பெண் சாலையோரப் புளியமரத்தடியில் செத்துக் கிடந்தாள். பக்கத்தில் பிறந்து இருபது நாளான குழந்தை. அவள் புருஷன் ஒச்சாண்டி அப்போது ஜெயிலில் இருந்தார். அடுத்த மழைக்குள் அவரும் அங்கேயே காய்ச்சலில் போய்விட்டார். அப்பா குழந்தையைத் தூக்கி வந்து ஞானஸ்நானம் கொடுத்தார். எனக்கு அப்போது எட்டு மாதம். அம்மா ஒரு பக்கம் எனக்கும் மறுபக்கம் அவனுக்குமாகப் பால் கொடுத்தாள்.

அந்த நாளில் எங்கள் ஜில்லாவில் ரேகைச் சட்டம் இருந்தது. சர்க்கார் சில சாதிகளைப் பிறவித் திருடர்கள் என்று எழுதி வைத்திருந்தது. அதில் பிறந்த ஆண்பிள்ளை வயது வந்ததும் ஸ்டேஷனுக்குப் போய்ப் பத்து விரலையும் மையில் உருட்டி ரேகை வைக்க வேண்டும். பொழுது சாய்ந்தால் சாவடியில் பேர் கொடுத்துவிட்டு அங்கேயே படுக்க வேண்டும். வெளியூர் போவதென்றால் ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். திருடினானா இல்லையா என்கிற கேள்விக்கு அதில் இடமே கிடையாது. ஒச்சாண்டி அந்தப் பட்டியலில் இருந்தவர். அவர் மகனும் ஒருநாள் அதில் ஏற வேண்டியவன். ஏறவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் இருபது வருஷம் எங்கள் வீட்டின் கவலையாக இருந்தது.

அப்பா அவனைப் பாசமாகத்தான் வளர்த்தார். அடித்ததில்லை. என்னைத்தான் அடிப்பார். ஆனால் வெளியூரிலிருந்து சாமியார்கள் வந்தால் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திக் கர்த்தரின் கட்டளைகளான பத்துக் கற்பனைகளையும் ஆளுக்கு ஒன்றாகச் சொல்லச் சொல்லுவார். வரிசை எப்படி மாறினாலும் ஏழாவது கற்பனை, களவு கூடாது என்கிறது, செல்வத்துக்குத்தான் வரும். அவன் சொல்லி முடித்ததும் அப்பா குரலைத் தாழ்த்தி அவன் யார் பிள்ளை என்பதைச் சொல்லுவார். பால் எது, படிப்பு எது, ரத்தம் எங்கே போயிற்று பாருங்கள் என்பார். நான் பெரியகுளத்தில் இங்கிலீஷ் படிக்கத் தொடங்கிய பிறகு, வெள்ளைக்காரச் சாமியார்களுக்கு அதை மொழிபெயர்த்துச் சொல்லும் வேலை எனக்கு வந்தது. நன்றாகவே சொன்னேன். செல்வம் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துத் தொடையோடு ஒட்டி வைத்துக்கொண்டு நிற்பான். நடக்கும்போதும் அப்படித்தான், கையை மூடமாட்டான்.

பத்தொன்பது வயதில் பயிற்சி முடித்து, எங்கள் தெருப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்கு வாத்தியார் ஆனான். கிராம முன்சீப் வைகுண்டராஜ் வருஷா வருஷம் ஸ்டேஷனுக்குப் பட்டியல் அனுப்பும்போது அவன் பேரை விட்டுவிடுவார். உபதேசியார் வீட்டுப் பிள்ளைதானே என்பார். எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் எழுதவில்லை. இப்படியே போயிருக்கலாம்.

1940 ஆனி மாதம். முதல் போகத்துக்கு வாய்க்காலில் தண்ணீர் விட்டிருந்தார்கள். உழவுக்கு முதல் நாள் விடிகாலையில் அப்பாவின் மயிலைக் காளைகள் இரண்டும் கொட்டத்தில் இல்லை. அறுத்த கயிறு மட்டும் கிடந்தது.

எங்கள் பக்கத்தில் மாடு போனால் போலீஸுக்கு யாரும் போவதில்லை. மேற்கே மலையடிவாரத்தில் துப்புச் சொல்லும் ஆட்கள் உண்டு. அங்கே ஆள் அனுப்பித் துப்புக்கூலி கொடுத்தால், இன்ன ஓடையில் இன்ன மரத்தில் கட்டிக் கிடக்கிறது என்று சொல்லுவார்கள். மாட்டின் விலையில் மூன்றில் ஒரு பங்கு போகும், மாடு வந்துவிடும். உழுது பிழைக்கிற சம்சாரிகள் இதை வரி மாதிரி நினைத்துப் பழகியிருந்தார்கள். போகிற ஆள் யார் என்பதுதான் பேச்சாக இருக்கும்.

அன்று எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு நடக்கவில்லை. அப்பா பணத்தைத் துணியில் முடிந்து செல்வத்தின் முன்னால் வைத்தார்.

"நீ போயிட்டு வாப்பா."

"நானா? எனக்கு அங்கன யாரைத் தெரியும்யா?"

"ஒனக்குத் தெரியாட்டி என்ன. அவுகளுக்கு ஒன்னையத் தெரியும். என்ன இருந்தாலும் ஒஞ்சனம்ல."

அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். இருபது வருஷமாகச் சாமியார்களிடம் ரத்தம் எங்கே போயிற்று என்று கேட்டவர், இரண்டு காளைகள் போனதும் அது இருக்கிற இடத்தைச் சொல்லிவிட்டார். அவர் வேண்டுமென்று சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். அதுதான் இன்னும் மோசம். செல்வம், சட்டையில் பை இல்லாததால், முடிச்சை மடியில் கட்டிக்கொண்டு புறப்பட்டான்.

அங்கே நடந்தது பிற்பாடு அவன் என்னிடம் சொன்னது. பாதி நாள் விசாரித்து, சுருளியாண்டி என்கிற துப்புக்காரரைக் கண்டுபிடித்திருக்கிறான். வெள்ளைச் சட்டையும் விரித்த கையுமாக இவன் போய் நின்றதும் அவர் பக்கத்திலிருந்தவர்களிடம், "ஏலே, வாத்தியாரு வந்திருக்காருடா, சிலேட்டை எடுங்க" என்றாராம். எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். யார் மகன் என்று கேட்டதற்கு, மரியராஜ் உபதேசியார் மகன் என்றிருக்கிறான்.

"வளத்த ஆளைக் கேக்கல. பெத்தது யாரு?"

அந்தப் பேரைத் தன் வாயால் அவன் அதற்கு முன் சொன்னதே இல்லை. சொன்னான். சிரிப்பு நின்றுவிட்டது. சுருளியாண்டி அவனை உட்காரச் சொல்லிவிட்டு வெற்றிலையைத் துப்பினார்.

"ஒங்கப்பன் ஒரு கோழியக்கூடத் தொட்டவன் இல்ல. தோப்புக் காவக்காரன். ஒங்காத்தாளுக்கு வலி கண்டுச்சுன்னு ஒருநா சாவடிக்குப் போகாம இருந்துட்டான். அதுக்குத்தான் உள்ள வச்சாக. நாங்கதான் களவாணிக. அவன் இல்ல."

முடிச்சை நீட்டியபோது அவர் தொடவில்லை. ஒச்சாண்டி மகனிடம் கூலி வாங்கினால் தனக்குச் சோறு இறங்காது என்று சொல்லி, காளைகளைச் சாலை வரைக்கும் ஓட்டிவந்து விட்டிருக்கிறார்.

மறுநாள் மத்தியானம் அவன் காளைகளோடு தெருவுக்குள் வந்தது இப்போதும் கண்ணில் இருக்கிறது. அவ்வளவு சந்தோஷமாக அவனை நான் பார்த்ததில்லை. தெருவே கூடிவிட்டது. அப்பா காளைகளின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார். செல்வம் முடிச்சை அவிழ்க்காமல் அப்படியே அவர் காலடியில் வைத்தான்.

"கூலி வாங்கலய்யா. ஒச்சாண்டி மகன்னு சொன்னதும் சும்மாவே குடுத்தாக. அய்யா, அவரு திருடன் இல்லையாம். எங்கப்பா காவக்காரராம்."

பணத்தை எங்கேயாவது போட்டுவிட்டு, கொடுத்தேன் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆயிரம் பேர் கூலி கொடுத்து மாடு மீட்டிருக்கிறார்கள், ஒருவரையும் யாரும் ஏதும் சொன்னதில்லை. ஆனால் அவனுக்குப் பொய் வராது. எட்டாவது கற்பனையையும் அப்பா ஒழுங்காகத்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்.

அவன் அப்பன் காவல்காரர் என்ற செய்தி ஒருவர் காதிலும் விழவில்லை. சும்மா கொடுத்தார்கள் என்பது மட்டும் விழுந்தது. எதிர்வீட்டு ஆரோக்கியம்மாள்தான் முதலில் சொன்னாள்.

"சொந்தக்காரன்கிட்டக் கூலி வாங்குவாகளா? கயிறு அறுத்ததே இங்கன இருந்துதானோ என்னமோ."

சிலர் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. ஆனால் அவளை அதட்டவும் இல்லை. முடிச்சை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு காளைகளைக் கட்டப் போனார்.

பேச்சு முன்சீப் வரைக்கும் போனது. இனிமேல் எழுதாமல் விட்டால் தன் வேலைக்கே ஆபத்து வந்துவிடும் என்று பயந்து அவர் பட்டியலில் இவன் பேரை எழுதிவிட்டார். ஆடி பிறந்ததும் சப்-இன்ஸ்பெக்டர் வந்து பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கோயிலின் ஞானஸ்நானப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். அதில் தகப்பன் பேர் ஒச்சாண்டி என்று இருந்தது. அப்பாவின் கையெழுத்து. பெருமையாகவே எழுதியிருப்பார், பெரிய எழுத்தில். இவன் உம்முடைய மகனா என்று கேட்டார் சப்-இன்ஸ்பெக்டர்.

"வளத்தது நானுங்க" என்றார் அப்பா. கொஞ்சம் நிறுத்தி, "பெத்தது நான் இல்லைங்க."

பிறகு சப்-இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பி, அன்று ராத்திரி இவன் எழுந்து போனானா என்றார். காளை போன அன்று ராத்திரி செல்வமும் நானும் இதே தாழ்வாரத்தில்தான் படுத்திருந்தோம். கொசுக்கடியில் எனக்குத் தூக்கமே பிடிக்கவில்லை. அவன் ஒருமுறைகூட எழுந்து போகாததை நான் பார்த்துக்கொண்டே கிடந்தேன். அதைச் சொல்லியிருந்தால் திருட்டுக்கு உடந்தை என்ற பேராவது ஒழிந்திருக்கும். ஆனால் எனக்குக் கொழும்பில் ஒரு கம்பெனியில் கிளார்க் வேலை கிடைத்திருந்தது. நன்னடத்தைச் சான்று அந்த சப்-இன்ஸ்பெக்டரின் மேஜையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. தூங்கிவிட்டேன் ஐயா, தெரியாது என்றேன்.

செல்வத்தை அழைத்துப் போனார்கள். சாயங்காலம் அவன் கிணற்றடியில் புளியைத் தேய்த்து விரல்களைக் கழுவிக்கொண்டிருந்தான். மை போகவில்லை. நான் தண்ணீர் இறைத்து ஊற்றினேன்.

"நீ முழிச்சிட்டுத்தான இருந்த?"

நான் அடுத்த வாளியை இறைத்தேன். அவன் விரலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டான்.

"ஊத்து. கொழும்புல மழை சாஸ்தியாம்ல" என்றான்.

சாவடியில் படுக்கிற ஆளை வாத்தியாராக வைத்திருக்க முடியாதென்று ஒரு மாதத்தில் பள்ளிக்கூடத்தை நடத்துபவர்களிடமிருந்து கடிதம் வந்தது. என் சான்றும் அதே வாரம் வந்தது. நான் தனுஷ்கோடிக்கு ரயில் ஏறப் புறப்பட்ட அன்று அவனால் கூட வர முடியவில்லை. ராதாரிச் சீட்டு கிடைக்கவில்லை.

கொழும்பில் எத்தனையோ தடவை இதை யோசித்திருக்கிறேன். ஒரே தாயிடம் பால் குடித்தோம், ஒரே புத்தகத்தைப் படித்தோம். அவன் வாயில் பொய் வரவில்லை. என் வாயில் தடங்கலில்லாமல் வந்தது. என் ரத்தத்தில் என்ன இருக்கிறதென்று எந்த சர்க்காரும் எழுதி வைக்கவில்லை. உபதேசியார் பரம்பரை, மூன்று தலைமுறையாகக் கோயில் வேலை. என் ரேகையை யாரும் கேட்டதில்லை.

சட்டம் 1947-ல் போயிற்று. மறுவருஷம் நான் ஊருக்கு வந்தேன். அப்பாவுக்குக் கண் மங்கிவிட்டது. செல்வம் இப்போது என்ன செய்கிறான் என்று கேட்டேன். மாடு போனால் அவனிடம்தான் போகிறார்கள், போய்ப் பேசி மீட்டுத் தருகிறான், அதற்குக் கூலி வாங்குகிறான் என்றார். பள்ளிக்கூடம் இல்லாதவன் வேறு என்ன செய்வான் என்று நான் சொன்னதை அவர் கவனிக்கவில்லை.

"நம்மளும் என்னென்னமோ செஞ்சு பாத்தோம். ரத்தம் விடுமா" என்றார். அதே தாழ்ந்த குரல். சாமியார்களிடம் பேசுகிற குரல்.

நான் கொழும்பிலிருந்து செல்வத்துக்கு ஒரு சட்டை வாங்கி வந்திருந்தேன், கடையில் தைத்து விற்கிறது, இடது பக்கம் பை வைத்தது. அம்மா அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு ஊசிப்பெட்டியை எடுத்துக்கொண்டு வெளிச்சத்தில் உட்கார்ந்தாள். பழக்கம். பையின் தையலை நூல் நூலாகப் பிரிக்க ஆரம்பித்தாள். பாதி பிரித்திருந்தபோது அவன் வந்தான். இருபத்தெட்டு வயதுக்கு அவன் தலை நரைத்திருந்தது. கைகள் மூடியிருந்தன. நான் சொல்ல வைத்திருந்ததையெல்லாம் சொல்லத் தொடங்குவதற்குள் அவன் அம்மாவைப் பார்த்துவிட்டான்.

"விடு ஆத்தா. பை இருக்கட்டும்" என்றான். "சந்தேகப்படுற வரைக்கும்தான் பையில கை விடுவாக. இப்ப ஒருத்தனும் விடுறதில்ல. முடிவே பண்ணிட்டாக."

அம்மா ஊசியைக் கீழே வைக்காமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் சட்டையை அவள் மடியிலிருந்து எடுத்து அங்கேயே போட்டுக்கொண்டான். அளவு சரியாக இருந்தது. கொழும்பில் மழை எப்படி என்று என்னைக் கேட்டான். யாரோ ஒரு சம்சாரி வாசலில் நின்று அவனைக் கூப்பிட்டார். பசு ஒன்று காணவில்லையாம். ஒரு பக்கம் பிரிந்து தொங்குகிற பையோடு அவன் அவருடன் தெருவில் இறங்கிப் போனான்.